மண்டேலா நாள் சமையலுக்கு ஆள் சேர்க்க எது உதவும்? கூகுள் ஃபார்ம், ஷீட், வாட்ஸப்: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

ஜூன் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் ஜூலை 18 பற்றிப் பேசத் தொடங்கிவிடும். மண்டேலா 1942 முதல் 67 ஆண்டு பொதுவாழ்வில் உழைத்தார் என்ற கணக்கில், ஆளுக்கு 67 நிமிடம் தொண்டு செய்யும் நாள் அது. 2009 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை உலக நாளாக அறிவித்தது. சமைத்துப் பெட்டியில் கட்டி, காப்பகங்களுக்கும் தெருவோரம் இருப்பவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இங்கே வழக்கமான திட்டம். பணமும் அரிசியும் எப்படியாவது சேர்ந்துவிடும். யார், எந்த நேரத்துக்கு, எந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதுதான் கடைசி வாரம் வரை தெரியாது.

அதற்குக் காசில்லாமல் கிடைக்கும் மூன்று கருவிகளை இங்கே எடைபோடுகிறோம். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். கூகுள் ஷீட்டுக்கு ஐந்துக்கு நாலரை. கூகுள் ஃபார்முக்கு மூன்று. பல குழுக்களை ஒரே குடைக்கீழ் வைக்கும் வாட்ஸப் கம்யூனிட்டிக்கு நான்கு. வாட்ஸப் போலுக்கு, அதாவது குழுவுக்குள் வாக்கெடுக்கும் வசதிக்கு, ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு.

கருவியைப் பார்க்கும் முன் வேலையைப் பார்க்க வேண்டும். 400 பெட்டி காய்கறிப் பிரியாணி என்று வைத்துக்கொள்வோம். டர்பன் முறைப்படி மசூர் பருப்பு சேர்த்தது. பெட்டிக்கு 80 கிராம் அரிசி என்றால் 32 கிலோ. பருப்பு 6 கிலோ, உருளைக்கிழங்கு 20, கேரட்டும் பீன்ஸும் சேர்த்து 16, வெங்காயம் 12. வெட்ட வேண்டியது மட்டும் 48 கிலோ. வீட்டுக் கத்தியும் பலகையும் வைத்து ஒருவர் மணிக்கு நான்கு கிலோ தோல் சீவி நறுக்குவார். ஆக 12 ஆள்-மணி, அதாவது ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம். இதை முதல் நாள் மாலையே முடித்து வெங்காயத்தையும் காய்களையும் குளிரில் வைத்துவிட வேண்டும். நறுக்கிய உருளைக்கிழங்கு தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் கறுத்துக் கிடக்கும்.

அண்டா பக்கம் நான்கு பேர். அதில் இருவராவது பெரிய அடுப்பில் சமைத்துப் பழகியவர்களாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குச் சமைக்கும் கை 32 கிலோ அரிசியில் தண்ணீர் அளவைத் தவறவிட்டால் அடி பிடித்து மேல் வேகாமல் நிற்கும். கட்டும் வரிசைக்கு ஆறு பேர்: பெட்டி திறப்பவர் ஒருவர், சோறு போட இருவர், சாலட் வைப்பவர் ஒருவர், மூடுபவர் ஒருவர், எண்ணி அடுக்குபவர் ஒருவர். ஒரு வரிசை மணிக்கு 200 பெட்டி கட்டும். இரண்டு வரிசை போட்டால் 67 நிமிடத்தில் 400 தாண்டிவிடும். மண்டேலா நாளின் 67 நிமிடம் உண்மையில் பொருந்தும் இடம் இந்த ஒன்றுதான். மற்ற வேலை எதையும் 67 நிமிடத் துண்டாக வெட்டக்கூடாது. அண்டாவில் நிற்பவரை இடையில் மாற்றினால் உப்பு இரண்டு முறை விழும்.

வண்டிக்கு நான்கு ஓட்டுநர், நான்கு உதவியாள். பாத்திரம் கழுவ ஆறு பேர். மொத்தம் 36 இடம். பெயர் கொடுப்பவர்களில் நான்கில் ஒருவர் வரமாட்டார் என்றே திட்டமிட வேண்டும். ஆகவே 48 பெயர் தேவை.

இப்போது ஃபார்முக்கு வருவோம். கூகுள் ஃபார்மைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், பதில்கள் நேராக ஷீட்டில் விழும், பார்க்கவும் அழகு. குறை எங்கே என்றால், அது கேட்டதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். கட்டும் ஷிப்டுக்கு 12 பேர் போதும் என்றால் 12 ஆனதும் அந்தத் தேர்வை அதுவாக மூடாது. 31 பேர் கட்ட வருகிறேன் என்பார்கள், பாத்திரம் தேய்க்க இரண்டு பேர் இருப்பார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எண்ணிக்கை நிறைந்ததும் தேர்வை மறைக்கும் துணைநிரல்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை உங்கள் ஃபார்ம்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். கமிட்டியின் பொதுக் கணக்கில் நன்கொடையாளர் பட்டியலும் இருந்தால் அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். தினமும் இரவு ஒருவர் ஷீட்டைப் பார்த்து, நிறைந்த ஷிப்டைக் கையால் நீக்குவது போதும்.

நீக்கலாம், பெயரை மாற்றக்கூடாது. இது ஃபார்மில் அடிக்கடி நடக்கும் கோளாறு. ‘சனி காலை சமையல்’ என்று இருந்ததை நடுவில் ‘சனி 7 மணி சமையல்’ என்று திருத்தினால், முன்பே வந்த பதில்கள் பழைய பெயரிலேயே ஷீட்டில் நிற்கும். எண்ணும் சூத்திரம் இரண்டையும் வேறு வேறு ஷிப்டாகப் பார்க்கும். நான்கு பேர் காணாமல் போவார்கள், யாருக்கும் தெரியாது. ஷிப்ட் பெயர்களை லிங்க் அனுப்பும் முன்பே முடிவு செய்து, அதன்பின் தொடாதீர்கள்.

ஷிப்ட் கேள்வியை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டமாக வைப்பதா, பலவற்றை டிக் செய்யும் கட்டமாக வைப்பதா? கட்டமாக வைத்தால் ஒருவர் தேர்ந்த எல்லா ஷிப்டும் ஒரே கலத்தில் காற்புள்ளியிட்டு வந்து உட்காரும். கவுன்ட்இஃப் என்ற எண்ணும் சூத்திரம் சாதாரணமாக அதை எண்ணாது. தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட வேண்டும். ஷிப்ட் பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் பிறகு பிரித்தெடுப்பதும் சிக்கல். சிறிய திட்டத்துக்கு வட்டமே போதும், கூடவே ‘இன்னொரு ஷிப்டும் முடியுமா’ என்று தனிக் கேள்வி ஒன்று. ‘எதுவானாலும் சரி’ என்ற தேர்வை மட்டும் கொடுக்காதீர்கள். பாதிப் பேர் அதில் போய் நிற்பார்கள், பிறகு ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச வேண்டி வரும்.

‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பை அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கடவுச்சொல் நினைவில்லாத ஆன்ட்டிகள் அங்கேயே திரும்பிவிடுவார்கள், அவர்கள்தான் அண்டா தெரிந்தவர்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வியும் அப்படியே உள்நுழையக் கேட்கும். இரண்டு முறை பதிவு செய்தவர்களைக் கைபேசி எண்ணை வைத்து ஷீட்டில் பிடித்துவிடலாம்.

கைபேசி எண் என்றதும் இன்னொன்று. நம் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும் பத்து இலக்கம். ஷீட் அதை எண் என்று நினைத்து முன்னே இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும், ஒன்பது இலக்கம் மிஞ்சும். முதல் பதில் வரும் முன்பே அந்த நெடுவரிசையை வெறும் எழுத்து என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். ஃபார்மிலும் பதில் சரிபார்ப்பில் பத்து இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் என்று கட்டாயமாக்குங்கள். சிலர் நாட்டுக் குறியீடு 27 சேர்த்துப் போடுவார்கள், அப்படி வந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார்.

கேட்க வேண்டியவை: பெயர், கைபேசி, பகுதி, ஷிப்ட், 18 வயது நிறைந்தவரா, வண்டி உண்டா, எத்தனை பேரை ஏற்றி வர முடியும், பெரிய அண்டாவில் சமைத்ததுண்டா. பகுதியைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலாகக் கொடுங்கள்: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம், இசிப்பிங்கோ என்று. எழுத விட்டால் ஒரு ஊர் ஐந்து எழுத்துக்கூட்டலில் வரும். வண்டிக் கேள்விக்கு இங்கே தனிக் காரணம் இருக்கிறது. ஜூலையில் டர்பனில் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் வெயில் எட்டிப்பார்க்கும். ஆறரைக்கு வரச்சொன்னால் இருட்டில் டாக்சிக்கு நிற்க யாரும் துணிய மாட்டார்கள். சமையல் ஷிப்டில் இருப்பவர்களுக்கு லிஃப்ட் ஏற்பாடு செய்யாமல் நேரத்தைக் குறிக்காதீர்கள்.

கேட்கக்கூடாதது அடையாள எண். 13 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அது ஷீட்டில் கிடந்தால் ஏமாற்றுக்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. 2021 ஜூலை 1 முதல் எல்லாரும் அதன்படி நடந்தாக வேண்டும். கோயில் கமிட்டிக்கும் அது பொருந்தும். எதற்காகத் தகவல் வாங்குகிறோம், எப்போது அழிப்போம் என்று ஃபார்மின் தலையில் இரண்டு வரி எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இதற்கு ஃபார்மைக் கிளையாகப் பிரித்து, ‘இல்லை’ என்றவர்களை மட்டும் பெற்றோர் பெயர் கேட்கும் பகுதிக்கு அனுப்பலாம். இந்தக் கிளைப் பாதை கூகுள் ஃபார்மில் நன்றாகவே வேலை செய்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் ஃபார்ம் செய்தால் எழுத்துரு உடையாது, குறை இல்லை. ஆனால் இங்கே நாற்பதுக்குக் கீழ் இருப்பவர்களில் தமிழ் வாசிப்பவர்கள் குறைவு. தலைப்பில் ‘வணக்கம்’ இருக்கட்டும், கேள்வி ஆங்கிலத்தில் இருக்கட்டும். மனம் ஒப்பவில்லைதான்.

ஷீட்டுக்கு நாலரை கொடுத்ததற்குக் காரணம், அதை நடுவில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வாசல்கள் ஆகிவிடுகின்றன. மூன்று தாள் போதும். முதலாவது ஃபார்ம் பதில்கள் விழும் தாள், அதை யாரும் தொடக்கூடாது. பூட்டிவையுங்கள். அங்கே வரிசைப்படுத்துவதும், பக்கத்தில் குறிப்பு எழுதுவதும், சூத்திரம் போடுவதும் கெடுதல். புதுப் பதில் புது வரிசையாக நுழையும்போது, இன்னொரு தாளிலிருந்து கலம் கலமாகக் கோத்த தொடர்புகள் நழுவிவிடும். புதியவர் பெயர் பட்டியலில் வராமலே போகும். கலம் கலமாகக் கோக்காமல் ஃபில்டர் அல்லது குவெரி சூத்திரத்தால் முழு நெடுவரிசையையும் ஒரே கட்டாக இழுங்கள்.

இரண்டாவது தாள் உறுதிப் பட்டியல். ஃபார்ம் வழியே வந்தவர், வாட்ஸப்பில் குரல் அனுப்பியவர், கோயில் வாசலில் ‘என் பேரையும் போட்டுக்கோ’ என்றவர், எல்லாரையும் ஒருவரே இங்கே ஏற்ற வேண்டும். ‘பேசியாயிற்று’, ‘வருகிறார்’, ‘லிஃப்ட் யாருடன்’ என்று மூன்று கூடுதல் நெடுவரிசை. மூன்றாவது தாள் எண்ணிக்கை: ஷிப்ட், தேவை, பெயர் கொடுத்தவர், உறுதி செய்தவர். உறுதி தேவையை எட்டாதவரை கலம் சிவப்பாக இருக்கும்படி நிபந்தனை நிறம் போடுங்கள். கூட்டத்தில் அந்தத் தாளை மட்டும் காட்டினால் பேச்சு பாதியாகக் குறையும்.

ஷீட்டைத் திறந்ததும் அமைப்புகளில் நேர மண்டலத்தை ஜோஹன்னஸ்பர்க் என்று மாற்றுங்கள். நாட்டு அமைப்பு அமெரிக்காவில் கிடந்தால் 7/6 என்பது ஜூன் ஏழா, ஜூலை ஆறா என்று குழம்பும். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் நாட்டு அமைப்பைத் தேர்ந்தால் சூத்திரத்தின் உள்ளே காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். இணையத்தில் பார்த்து ஒட்டிய சூத்திரம் பிழை காட்டினால் முதலில் இதைத்தான் பாருங்கள். ‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்று ஷீட்டை ஒருபோதும் குழுவில் போடாதீர்கள். யாரோ ஒருவரின் கட்டைவிரல் ஒரு வரிசையை அழித்துவிடும். பதிப்பு வரலாற்றில் மீட்கலாம் என்பது உண்மை, ஆனால் 48 பேரின் எண்கள் ஊருக்குப் போனதை எந்த வரலாறும் மீட்காது.

அரை மதிப்பெண் குறைத்தது கைபேசிக்காக. சின்னத் திரையில் ஷீட்டைப் பார்த்துச் சமையலறையில் ஆள் பிரிப்பது கண்கட்டு வித்தை. வெள்ளிக்கிழமை மாலை ஷிப்ட் வாரியாக ஏ4 தாளில், பெரிய எழுத்தில் அச்சடித்துச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். மின்வெட்டு வந்து கைபேசிக் கோபுரம் ஓய்ந்தாலும் தாள் ஓயாது.

வாட்ஸப்தான் இங்கே எல்லாருடைய கையிலும் இருப்பது. அதனால்தான் மேலே ஃபார்முக்கு மூன்று மட்டும். வெளியூர்க் கட்டுரைகள் எதிலும் காணாத ஒரு தென்னாப்பிரிக்கச் சிக்கல் உண்டு: ப்ரீபெய்டில் இருக்கும் பலர் வாங்குவது வாட்ஸப்புக்கு மட்டுமான டேட்டா. அதில் செய்தி வரும், குரல் வரும், படம் வரும். ஃபார்ம் லிங்க்கைத் தட்டினால் உலாவி திறக்கும், அதற்குச் சாதாரண டேட்டா வேண்டும். பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். ‘லிங்க் வேலை செய்யலே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று கமிட்டி நினைக்கும். லிங்க் அனுப்பும் செய்தியிலேயே ‘திறக்காவிட்டால் உங்கள் பெயரும் ஷிப்ட் எண்ணும் இந்த எண்ணுக்குக் குரலில் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஷிப்டுகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்திருந்தால் பதிலும் சுருக்கமாக வரும்.

சாதாரணக் குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக எல்லாரையும் ஒரே குழுவில் கொட்டினால், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே ஷிப்ட் நேரம் புதைந்துபோகும். கம்யூனிட்டி மேல். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம், உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அதன் கீழே வெட்டல், சமையல், கட்டல், வண்டி, கழுவல் என்று ஐந்து சின்னக் குழு. சின்னக் குழுவுக்குள் எண்கள் தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கியச் செய்தியைக் குழுவின் தலையில் பின் செய்யலாம். 24 மணி, 7 நாள், 30 நாள் என்று மூன்று கால அளவு உண்டு. ஒலிபரப்புப் பட்டியல் என்ற பழைய வழியை விட்டுவிடுங்கள். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்றும் உங்களுக்குத் தெரியாது.

வாட்ஸப் போலுக்கு ஏன் ஒன்று மட்டும்? 12 தேர்வு வரை கொடுக்கலாம், ஒரு தட்டில் பதில் வந்துவிடும், வாட்ஸப் டேட்டாவிலேயே வேலை செய்யும். இதுவரை நல்லது. ஆனால் யார் எதைத் தேர்ந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும், ‘அவர் போகிற ஷிப்டுக்கே நானும்’ என்று சாய்வார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முடிவை ஷீட்டுக்கு எடுத்துப்போக வழி இல்லை, ஒவ்வொரு பெயராகக் கையால் எழுத வேண்டும். 18ஆம் தேதி சமையலா, 19ஆம் தேதி சமையலா என்று கேட்க மட்டும் உதவும்.

வாட்ஸப்பில் அதிகம் பேசப்படாத நல்ல அம்சம் நேரலை இருப்பிடம். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு. வண்டி கிளம்பும்போது ஓட்டுநரின் உதவியாளர் 8 மணி நேர அளவைப் போட்டுவிட்டால், ‘எங்கே இருக்கீங்க’ என்று ஓட்டுகிறவரைக் கூப்பிட வேண்டியதில்லை. உணவுக்கு இது முக்கியம். பெட்டியில் கட்டிய சோறு சூடு இறங்கத் தொடங்கிவிடும். 60 டிகிரிக்குக் கீழே போய் நெடுநேரம் கிடந்தால், வேகவைத்தும் சாகாத பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் முளைத்துப் பெருகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதனால்தான். ஆகவே பதினொன்றே முக்காலுக்குக் கட்டி முடித்தால் பன்னிரண்டுக்கு வண்டி கிளம்ப வேண்டும், ஒன்றரைக்குள் கடைசிப் பெட்டி கையில் சேர வேண்டும். ஒரு வண்டிக்கு 100 பெட்டி, மூன்று நிறுத்தத்துக்கு மேல் வேண்டாம்.

வேறு இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும். சைன்அப்ஜீனியஸ் என்ற தளத்தில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் இத்தனை இடம் என்று வரையறுக்கலாம், நிறைந்ததும் தானே மூடும். ஃபார்மில் இல்லாதது அதுதான். இலவசப் பதிப்பில் விளம்பரம் நிறைய, நினைவூட்டல் மின்னஞ்சலுக்கு வரும், இங்கே மின்னஞ்சல் பார்ப்பவர் யார்? அலுவலகக் குழுக்களுக்குச் சரி, கோயிலுக்கு ஒத்துவராது. ட்ரெல்லோ ஆள் சேர்க்கும் கருவியே இல்லை. அரிசி வாங்கியாயிற்றா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று ஆறேழு பேர் கமிட்டி வேலையைப் பின்தொடர நல்லது. அதையும் ஷீட்டில் நான்காவது தாளாகப் போட்டுவிடலாம்.

கருவி எதுவானாலும் கால அட்டவணை இதுதான். ஐந்து வாரத்துக்கு முன் எங்கே கொடுப்பது என்று காப்பகங்களிடம் பேசி எண்ணிக்கை வாங்குங்கள். எல்லாக் குழுவும் ஜூலை 18 அன்றே ஒரே வாசலுக்குப் போய்ச் சோறு வீணாவது ஆண்டுதோறும் நடக்கிறது. சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளுடன் நேரம் செலவிடுவதாக இருந்தால், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தோர் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்குத் தொண்டர்களிடம் எந்தச் சான்று கேட்பார்கள் என்றும் அப்போதே கேளுங்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று வாரத்துக்கு முன் ஃபார்ம் லிங்க். அதற்கு முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். பத்து நாளுக்கு முன் சிவப்பாக இருக்கும் ஷிப்டுக்கு மட்டும் தனித்தனியாகப் பேசுங்கள். மூன்று நாளுக்கு முன் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனிச் செய்தி: ‘மாலா அக்கா, சனி 10.45 கட்டும் வரிசை, இரண்டாம் மேசை. வருவீங்களா?’ குழுவில் ‘எல்லாரும் வந்துடுங்க’ என்று போட்டால் கட்டைவிரல் சின்னம் முப்பது வரும், ஆள் பதினைந்து வரும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஆடி பிறந்து ஓரிரு நாளிலேயே மண்டேலா நாள் வருகிறது. மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். அண்டா, கரண்டி, அண்டாவைக் கையாளத் தெரிந்த பெண்கள், மூன்றும் அந்த வாரம் ஏற்கெனவே பேசப்பட்டவை. 2026இல் ஜூலை 18 சனிக்கிழமை, முந்தைய நாள் வெள்ளி. ஆடி வெள்ளி மாலையில் காய் வெட்டக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? அந்த ஆண்டுக்கு வெட்டல் ஷிப்டை வியாழன் மாலைக்குத் தள்ளி, உருளையை மட்டும் சனி காலைக்கு விடுவது மேல். காலையில் வெட்ட இரண்டு பேர் கூடுதலாகப் போடுங்கள், 20 கிலோவுக்கு இரண்டரை மணி ஆகும். சமையல்காரர்கள் அரிசி களைந்து மசாலா வதக்கத் தொடங்கும்போதே அவர்களும் உட்கார்ந்துவிட வேண்டும்.

கழுவும் ஷிப்டை இன்னொரு ஷிப்டின் வாலாக ஒட்டாதீர்கள். கட்டி முடித்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தனி ஷிப்ட், தனி ஆறு பேர், 11.30க்கு வந்து முதலில் சாப்பிட்டுவிட்டு வேலை தொடங்குவது. ஃபார்மில் அந்தத் தேர்வுக்குப் பக்கத்திலேயே ‘சாப்பாடு உண்டு’ என்று எழுதினால் பெயர் சேரும். அந்த ஆறு பெட்டியையும் 400க்கு மேல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஃபார்மில் பதில் ஏற்பதை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஆகஸ்டிலும் யாராவது பதிவு செய்வார்கள். அடுத்த முறைக்கு அழைக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர்களின் பெயரையும் எண்ணையும் தனித் தாளுக்கு எடுத்துவிட்டு மீதியை அழியுங்கள். ஷீட்டில் மட்டும் அழித்தால் போதாது, ஃபார்முக்குள்ளும் பதில்களின் ஒரு பிரதி தனியாக இருக்கும்.